குழலுக்கு அளவு உண்டு, கட்டைக்கு இல்லை

மேலை நாடுகளில் கைத்துப்பாக்கிக்கு மரப்பிடி செதுக்கித் தருவது ஒரு தனிக் கைத்தொழில். இரும்புப் பாகம் ஆலையில் ஒரே அச்சில் வந்துவிடும். பிடி மட்டும் வாங்குபவரின் கைக்கு ஏற்ப வால்நட், ஈட்டி மாதிரி ரேகை அழகான மரத்தில் செய்யப்படும். நம்ம பக்கம் இதுக்கு ஈடா என்ன இருக்குன்னு தேடினா, முதலில் வந்து நிற்பவர் திப்பு சுல்தான்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவருக்காகச் செய்த துப்பாக்கிகளின் மரத்தில் வெள்ளி பதித்திருப்பார்கள். எங்கும் புலி உருவம். 1799-ல் அவர் வீழ்ந்த பிறகு அவற்றில் பல கடல் கடந்தன. இன்றும் அருங்காட்சியகங்களிலும் ஏலங்களிலும் பார்க்கலாம்.

அரசர் துப்பாக்கிக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைச்சுது. வேட்டைக்காரர் துப்பாக்கிக்கு என்ன கிடைச்சுது?

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் என்றால் பலருக்குச் சர்க்கரை ஆலைதான் ஞாபகம் வரும். அங்கே நரிக்குறவர் குடியிருப்பும் உண்டு. வீட்டுக்குள் வாக்ரிபோலி பேசுகிற இந்த மக்களை நாம் ஊசிமணி, பாசிமணியோடுதான் பார்த்திருக்கிறோம். அதுக்கு முன்னாடி அவங்க வேட்டைக்காரர்கள். குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிதான் கருவி.

அந்தத் துப்பாக்கியில் தோளில் முட்டுக் கொடுக்கும் மரக்கட்டை ஒப்புக்கு மாட்டியது இல்லை. மருந்து வெடிக்கும்போது வருகிற உதையைத் தாங்குவது அதுதான். கட்டை நீளமானால் விரல் விசைக்கு எட்டாது, குட்டையானால் உதை முகத்தில் விழும். கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடணும்; குறுக்கே ஓடினால் அந்த இடத்திலேயே விரிசல் விடும். ஈரம் காயாத மரம் முறுக்கிக்கொள்ளும். ஆக, கட்டையைப் பார்த்தே சுடுபவரின் கை நீளத்தையும் செய்தவரின் மர அறிவையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆனால் சட்டத்தின் கண் முழுக்கக் குழல் மேலேதான். 1959 ஆயுதச் சட்டம் உரிமம் தருவதைப் பேசும் இடத்தில் குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத துப்பாக்கி என்று அளவு சொல்கிறது. பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும் தனியே குறிப்பிடுகிறது. மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைக் கட்டுப்படுத்தியது. காட்டு உயிர்களுக்கு அது தேவையான சட்டம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா ஒரு கைவேலையும் அதோடு சேர்ந்து போச்சு. உரிமம் இல்லாத துப்பாக்கி வழக்குப் பொருளாகிவிட்டது. வழக்குப் பொருளை யார் வரைந்து, அளந்து வைக்கப் போகிறார்கள்?

குடகில் கதை வேறு. கொடவர்களுக்கு ஆங்கிலேயர் காலத்திலேயே ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு கிடைத்தது. 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தார்கள். செப்டம்பரில் வரும் கைல்போது திருவிழாவில் துப்பாக்கியை வைத்துப் பூஜை செய்து, 'தோக் பூ', அதாவது துப்பாக்கிப் பூ, வைப்பார்கள். அது வேறெதுவும் இல்லை, நம்ம மாநில மலரான செங்காந்தள்தான்! ஒரு சமூகத்துக்குத் துப்பாக்கி பெருமை, இன்னொன்றுக்கு வழக்கு. நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965-ல் லோகூர் குழு சொன்னது. அதற்கான மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்.

இதே பெரம்பலூர் மாவட்டத்தில்தான் அரும்பாவூரும் இருக்கிறது. ஒரே மரத்துண்டில் சாமி சிலை செதுக்கும் அந்த ஊர் வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு என்று எந்த மரம் எதற்கு என்பதெல்லாம் அதனால் பதிவாகிவிட்டது. துப்பாக்கிக் கட்டைக்குக் குறியீடு கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். எந்த மரம், எந்த உளி, ரேகையை எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்க எந்த உரிமமும் தேவையில்லை. வனவிலங்குச் சட்டம் வந்து ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது இருக்கும்.