கருப்பையை ஆளும் இயக்குநீர்கள்

பத்துத் திங்கள் சுமந்து பெற்றவள் என்று தாயைப் போற்றுதல் தமிழர் வழக்கு. இது வெறும் புகழ்மொழி அன்று, கணக்கும் ஆகும். இறுதி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், மகப்பேறு ஏறத்தாழ 280 நாளில் நிகழ்கிறது. 28 நாள் கொண்ட திங்கள் பத்து என்பதே அது. ஆனால், இந்நாள்களை எண்ணுவது யார்? வலிமை மிக்க தசையாலாகிய கருப்பை, அத்தனை காலமும் அடங்கிக் கிடந்து, வேளை வந்ததும் பொங்கியெழுந்து குழந்தையை வெளியேற்றுகிறது. அதற்கு ‘அமைந்திரு’ என்றும், ‘எழுக’ என்றும் ஆணையிடுவது எது? மருத்துவ உலகம் நெடுங்காலம் விடை தேடிய வினா இது.

பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் வழிவந்தோர், கருவிலுள்ள குழந்தை உணவு போதாமையால் தானே வெளிவர முயல்கிறது என்று கருதினர். அக்கருத்தை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ அன்று வழியில்லை. வழி பிறந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான்.

குருதியிற் செல்லும் தூதுவர்

1902ஆம் ஆண்டில், இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் நாயின் குடலில் ஓர் ஆய்வு நடத்தினர். குடலின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அதனுள் அமிலத்தைச் செலுத்தினர். நரம்புத் தொடர்பு அற்றுப்போன பின்னரும் கணையம் தன் நீரைச் சுரந்தது. ஆகவே, செய்தியைக் கொண்டு சென்றது நரம்பன்று. குருதியில் கலந்த ஒரு வேதிப்பொருள் என்பது தெளிவாயிற்று. இத்தகைய பொருள்களுக்கு ‘ஹார்மோன்’ என்னும் பெயரை ஸ்டார்லிங் 1905இல் தம் சொற்பொழிவுகளில் வழங்கினார். தூண்டியெழுப்புதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழில் நாம் வழங்கும் இயக்குநீர் என்னும் சொல்லும் அப்பொருளை நன்கு தாங்கி நிற்கிறது.

அடங்கியிருக்கச் சொல்லும் நீர்

சூலகத்திலிருந்து சூல்முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறமான ஒரு சிறு திரள் உருவாகிறது. டச்சு மருத்துவர் டி கிராஃப் 1672இலேயே இதனை விளக்கியிருந்தார். எனினும், அதன் பயன் யாதென இரு நூற்றாண்டுக் காலம் எவரும் அறிந்திலர். கருவுற்ற முயல்களில் இம்மஞ்சள் உடலை அழித்தால் கரு நிலைப்பதில்லை என்பதை ஜெர்மானியரான லுட்விக் ஃபிரெங்கல் 1903இல் வெளியிட்டார். 1929இல், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் கார்னரும் வில்லர்டு ஆலனும் அதன் சாற்றைப் பிரித்தெடுத்தனர். சூலகம் நீக்கப்பட்ட முயல்களுக்கு அச்சாற்றைச் செலுத்தியபோது கரு அழியாது வளர்ந்தது. 1934இல் அச்சாற்றின் சாரமான இயக்குநீர் தூய நிலையில் கிடைத்தது, அதுவே புரோஜெஸ்டெரோன். கருப்பையின் உட்சுவரைக் கருவுக்கு ஏற்ற மெத்தையாக்கி, தசையை அமைதியுறச் செய்வது இதன் பணி.

ஆயின், கருவுற்ற செய்தியை மஞ்சள் உடலுக்கு அறிவிப்பது எது? பெர்லினில் ஆஷ்ஹைம், சோண்டெக் என்னும் இருவர், கருவுற்ற மகளிரின் சிறுநீரைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினால் அவற்றின் சூலகம் முதிர்ச்சியடைவதை 1920களின் இறுதியில் கண்டறிந்தனர். கருவை உறுதிசெய்யும் முதல் நம்பகமான சோதனை இதுவே. யூதராகப் பிறந்த காரணத்தால் இவ்விருவரும் பின்னர் நாஜி ஆட்சியில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. சிறுநீரில் அவர்கள் கண்ட நீர், மூளையடிச் சுரப்பியிலிருந்து வருவதன்று, கருவைச் சார்ந்த நஞ்சுக்கொடித் திசுவிலிருந்தே வருவது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முதல் சில வாரங்கள் அது மஞ்சள் உடலைக் காத்து நிற்கிறது. பின்னர், புரோஜெஸ்டெரோனைச் சுரக்கும் பொறுப்பை நஞ்சுக்கொடியே ஏற்றுக்கொள்கிறது.

எழச் சொல்லும் நீர்

1906இல் ஹென்றி டேல் என்னும் ஆங்கிலேயர், மூளையடிச் சுரப்பியின் பின்பகுதிச் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். மூன்றே ஆண்டுகளில், லிவர்பூல் மருத்துவர் பிளேர் பெல் அச்சாற்றை மகப்பேற்று மருத்துவத்தில் கையாண்டு அதன் பயனை எழுதினார். விரைந்த பேறு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அந்நீர் ஆக்சிட்டோசின் எனப் பெயர் பெற்றது. ஒன்பது அமினோ அமிலங்களாலான அதனை 1953இல் வின்சென்ட் டு விக்னோ ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டினார்; 1955இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

குழந்தையின் தலை கருப்பையின் வாயை அழுத்த, அவ்வழுத்தம் நரம்பின் வழியே மூளையை எட்டுகிறது. மூளையடிச் சுரப்பி ஆக்சிட்டோசினை விடுக்கிறது. கருப்பை மேலும் சுருங்குகிறது. அழுத்தம் மேலும் மிகுகிறது. குழந்தை பிறக்கும் வரை இச்சுழற்சி ஓய்வதில்லை. பிறந்த பின்னும் அதே நீர் கருப்பையை இறுகச் செய்து குருதிப்பெருக்கைத் தடுக்கிறது.

கேட்கப்படாத இரண்டு சான்றுகள்

அறிவு வளர்ந்த அளவிற்கு எச்சரிக்கை வளர்ந்ததா? இவ்வரலாற்றின் துயரமான பகுதி இங்கேதான் உள்ளது. 1938இல் இலண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர், ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயற்படும் ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் மலிவான செயற்கைப் பொருளை உருவாக்கினர். கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் அமெரிக்காவில் அதனைத் தாய்மாருக்கு வழங்கலாயினர். சிக்காகோவில் ஏறத்தாழ 1,600 மகளிரிடம் ஒப்பிட்டு நடத்திய சோதனையின் முடிவு 1953இல் வெளிவந்தது. அம்மருந்தால் கருச்சிதைவு குறையவில்லை என்பதே அம்முடிவு. ஆயினும், மருந்து நிறுத்தப்படவில்லை. 1971இல் பாஸ்டன் மருத்துவர் ஓர் அரிய புற்றுநோய்க்கு ஆளான இளம்பெண்கள் எண்மரை ஆராய்ந்தபோது, அவர்களில் எழுவரின் தாயர் கருவுற்றிருந்தபோது அதே மருந்தை உண்டவர்கள் என்பது தெரியவந்தது. அவ்வாண்டின் இறுதியில்தான் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அதனைக் கருவுற்றோருக்கு வழங்கலாகாது என எச்சரித்தது. சான்று கிடைத்தும் கழிந்த ஆண்டுகள் பதினெட்டு.

ஏறத்தாழ அதே காலத்தில், நியூசிலாந்தின் ஆக்லந்து நகரில் கிரகாம் லிக்கின்ஸ் என்னும் மருத்துவர் செம்மறியாடுகளை ஆராய்ந்து கொண்டிருந்தார். கருவிலுள்ள ஆட்டுக்குட்டியின் மூளையடிச் சுரப்பியை அழித்தால், உரிய காலம் கடந்தும் ஈற்று நிகழவில்லை. மாறாக, குட்டிக்குக் கார்டிசால் வகை இயக்குநீரைச் செலுத்தினால், காலத்திற்கு முன்பே ஈற்று நிகழ்ந்தது. பேற்றைத் தொடங்கி வைப்பது தாயன்று, குட்டியே! ஹிப்போகிரட்டீசின் வழியினர் காரணத்தில் பிழைத்தாலும், ஆளைச் சரியாகவே சுட்டியிருந்தனர்.

அவ்வாறு குறைமாதத்தில் பிறந்த ஒரு குட்டி, முதிராத நுரையீரலால் இறந்திருக்க வேண்டியது, மூச்செடுப்பதை லிக்கின்ஸ் கண்டார். அந்நீரே நுரையீரலையும் முதிரச் செய்தது என உணர்ந்து, குழந்தை மருத்துவர் ராஸ் ஹவியுடன் இணைந்து, குறைமாதப் பேற்றை எதிர்நோக்கிய 282 தாய்மாரிடம் முறையான சோதனை நடத்தி 1972இல் வெளியிட்டார். மருந்து பெறாதோரின் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேருக்கு மூச்சுத்திணறல் நோய் வந்தது. மருந்து பெற்றோரின் குழந்தைகளில் அது 9 பேர் அளவிற்குக் குறைந்தது. இந்நற்செய்தியும் மெல்லவே பரவியது. அமெரிக்காவில் அதனைப் பரவலாகக் கையாளுமாறு வல்லுநர் குழு பரிந்துரைத்தது 1994இல்தான். இங்கே கழிந்தவை இருபத்திரண்டு ஆண்டுகள்.

தீதென்று காட்டிய சான்றும் கேட்கப்படவில்லை. நன்றென்று காட்டிய சான்றும் கேட்கப்படவில்லை. முன்னதில் பழக்கம் கண்ணை மறைத்தது. பின்னதில் தயக்கம் கையைத் தடுத்தது. இரண்டிலும் விலை கொடுத்தவர்கள் பேசும் வாயற்ற மழலைகள்.

இன்னும் அவிழாத முடிச்சு

ஆட்டில் கண்டதெல்லாம் மனிதருக்குப் பொருந்துவதில்லை. செம்மறியாட்டில் ஈற்றுக்கு முன் புரோஜெஸ்டெரோன் குறைகிறது. மனிதத் தாயின் குருதியில் அது அவ்வாறு குறைவதில்லை. நீர் இருக்கவும், கருப்பைத் தசை அதன் ஆணைக்குச் செவிசாய்ப்பதை நிறுத்திக்கொள்கிறது என இன்று கருதப்படுகிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் மற்றோர் இயக்குநீர் காலம் காட்டும் கடிகாரம்போல் செயற்படக்கூடும் என 1995இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் எழுதினர். முழு விடை இன்னும் கிட்டவில்லை.

எனினும், கிட்டிய அளவும் உயிர்களைக் காக்கிறது. ஆக்சிட்டோசின் குளிரில் வைத்துக் காக்கப்பட வேண்டிய மருந்து. மின்வசதி குன்றிய வெப்ப நாடுகளில் இது பெரும் இடர். வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் என்னும் மாற்று மருந்தை உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, சிங்கப்பூர் உள்ளிட்ட பத்து நாடுகளில் ஏறத்தாழ 30,000 தாய்மாரிடம் சோதித்து, அது ஆக்சிட்டோசினுக்கு ஏறத்தாழ இணையானது என 2018இல் அறிவித்தது. மறு ஆண்டே அஃது இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இடம்பெற்றது. இம்முறை காத்திருக்க நேர்ந்தது ஓராண்டே.

வகுப்பறையில் இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், இயக்குநீர்களின் பெயர்களோடு இவ்வாண்டுக் கணக்குகளையும் கரும்பலகையில் எழுதுவாராக: பதினெட்டு, இருபத்திரண்டு, ஒன்று. கண்டறிதல் அறிவியலின் பாதிப் பணி. கண்டதை ஏற்று நடத்தல் மறுபாதி என்பதை மாணவர் அவ்வெண்களிலிருந்தே உணர்ந்துகொள்வர்.