மூன்று லட்சம் ரூபாயின் கதை

உதவித்தொகையில் படிப்பவர்களை "ஓசிப் படிப்பு" என்று கேலி செய்யும் குரலை வகுப்பறையிலோ விடுதியிலோ கேட்காதவர்கள் நம்மில் குறைவு. அந்தப் பணம் எப்படி வந்தது என்று தெரிந்திருந்தால் பதில் சொல்வது எளிது, தோழர்களே.

1942 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று, பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு மனு அளித்தார். அதில் கல்வி பற்றிய பகுதியை அவசியம் தேடிப் படியுங்கள். கெஞ்சலே கிடையாது, எல்லாம் கணக்கு. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அரசு ஆண்டுக்கு மும்மூன்று லட்சம் ரூபாய் கொடுக்கிறதே, எங்கள் மக்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதுதான் வாதம். கலையும் சட்டமும் படித்தால் போதாது, அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும். அதற்கு ஆகும் செலவை இந்தப் பெற்றோரால் தாங்க முடியாது என்றார். உள்நாட்டில் படிக்க 2 லட்சம், வெளிநாட்டில் படிக்க 1 லட்சம் கேட்டார். அரசு ஒப்புக்கொண்டது. 1944இல் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது.

பணம் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதை அவர் பட்டு அறிந்தவர். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா சென்றவர், 1917இல் அது முடிந்ததும் லண்டன் படிப்பை அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பினார். சிடனாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த பணமும் கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவியும் கைக்கு வந்து, 1920இல்தான் மறுபடி கப்பலேற முடிந்தது. 1946இல் அவருடைய மக்கள் கல்விக் கழகம் மும்பையில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று காலை நேர வகுப்புகள் வைத்ததையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன்.

அந்த 1944 திட்டம் இன்றும் இருக்கிறது. 2017-18 முதல் 2019-20 வரை ஒன்றிய அரசு இதற்குக் கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடிதான். மிச்சச் சுமை மாநிலங்களின் தலையில். எதிர்ப்பு வலுத்த பிறகு, 2020 டிசம்பரில் ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி என்றும் அதில் 60 விழுக்காடு ஒன்றிய அரசின் பங்கு என்றும் முடிவானது. தொகை பெரிதுதான். ஆனால் கட்டணத்தை முதலில் கட்டு, உதவித்தொகை பிறகு வரும் என்று சொல்லும் கல்லூரிகள் எத்தனை!

கட்டணத் தேதி நம் பிள்ளைகளுக்கு என்ன செய்யும் என்பதற்கு 2024 சாட்சி. கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், உத்தரப் பிரதேசத்துத் தலித் மாணவன், தன்பாத் ஐஐடியில் இடம் பெற்றான். 17,500 ரூபாயைக் கெடுவுக்குள் கட்ட முடியாமல் இடத்தை இழந்தான். உச்ச நீதிமன்றம் வரை போய், செப்டம்பர் 30 அன்றுதான் அந்த இடம் திரும்பக் கிடைத்தது.

எல்லோராலும் டெல்லி வரை போக முடியாது. உங்கள் கல்லூரியில் சென்ற ஆண்டுத் தொகை எந்த மாதம் வந்தது, எத்தனை பேருக்கு இன்னும் வரவில்லை என்று கேட்டு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான்.