எனிக்மா யந்திரமும் மனித மனமும்

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஜேர்மன் படைகள் தம் இரகசியச் செய்திகளை எனிக்மா என்னும் யந்திரத்தை நம்பி அனுப்பின. அதன் சக்கரங்களையும் கம்பி இணைப்புகளையும் அமைக்கக்கூடிய விதங்கள் 15 இலட்சம் கோடி கோடிக்கும் மேற்பட்டவை. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தல் நடவாத காரியம். ஆயினும் அந்த யந்திரம் தோற்றது. அதைத் தோற்கடித்தவர் எதிரிகள் மாத்திரமல்லர். அதன்முன் அமர்ந்திருந்த வினைஞருமே என்போம்.

ஒவ்வொரு செய்திக்கும் மூன்று எழுத்துக்களை வினைஞனே தெரிந்தெடுக்க வேண்டுமென்பது விதி. மனித மனமோ ஒழுங்கற்றதை எளிதிற் படைக்காது. பொருளற்றதை ஞாபகத்தில் வைத்திருக்கவும் விரும்பாது. 1932ஆம் ஆண்டு டிசெம்பரில் யந்திரத்தின் உள்ளமைப்பைக் கணிதத்தாற் கண்ட போலந்து அறிஞர் மரியன் ரெயெவ்ஸ்கி, பலர் ஒரே எழுத்தை மும்முறை இடுவர் என ஊகித்தார். ஊகம் பலித்தது. பின்னர் அவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது. உடனே வினைஞர் எந்த எழுத்தும் இருமுறை வராதபடி விலக்கலாயினர். அதுவும் ஓர் ஒழுங்கல்லவா? போலந்தியர் அதையும் பயன்படுத்திக்கொண்டனர்.

யுத்த காலத்தில் மூவெழுத்துத் தொகுதிகள் இரண்டு வேண்டியிருந்தன. முதலாவது வெளிப்படையாகவே அனுப்பப்படும்; மற்றையது மறைத்து அனுப்பப்படும். முதலாவது ஹிற்லர் பெயரின் முற்பாதியாயின் மறைந்திருப்பது பிற்பாதி என்பதை அறியப் பெரும் பண்டிதர் வேண்டுமா!

1940ஆம் ஆண்டு பெப்ரவரியில், எம் வயதினரான 21 வயது ஜோன் ஹெரிவெல், இங்கிலாந்தின் பிளெச்சிலி பார்க்கில் பணிபுரிந்தபோது, களைத்த வினைஞன் ஒருவனை மனக்கண்ணில் நிறுத்தினார். அன்றைய கட்டளைப்படி சக்கர வளையங்களைப் பொருத்தி மூடியதும், சாளரத்திலே தெரியும் எழுத்துக்கள் அவ்வமைப்புக்கு அண்மையிலேயே நிற்கும். அவற்றை மாற்றச் சோம்பி அப்படியே முதற் செய்தியைத் தொடங்கினால், அன்றைய இரகசியத்தின் ஒரு பகுதியை அவனே அறிவித்தவனாவான். ஆகவே பல நிலையங்களின் முதற் செய்திகளை ஒப்பிட்டால் அவ்வெழுத்துக்கள் ஓரிடத்தே கூடுமென அவர் கருதினார். பல வாரங்கள் பலன் இல்லை. மே மாதம் ஜேர்மனியர் பிரான்சின்மேற் படையெடுத்தபோது வினைஞருக்கு வேலை பெருகியது, அவசரமும் பெருகியது. எழுத்துக்கள் கூடின. விமானப்படையின் பிரதான சங்கேதம் திறந்தது. யுத்தம் முடியும்வரை பெரும்பாலும் வாசிக்கவும்பட்டது.

ஜேர்மன் தலைமைப்பீடம் இடையிடையே ஐயுற்று விசாரித்ததுண்டு. ஆனால் யந்திரம் உடைக்க முடியாததென்றே அது முடிவுகட்டி, ஒற்றர்களையே சந்தேகித்தது.