கொட்டிலில் பிறந்த மோட்டார்க் கார்கள்

மோட்டார்க் காரை வீட்டிலேயே கட்டிக்கொள்வோர் இங்கிலாந்தில் உண்டு என்று சொன்னால், அது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்றே எம்மவரிற் பலர் எண்ணுவர். வரலாறு வேறு விதமானது. புதிய கார் வாங்க வழியற்ற இளைஞர்கள் பழைய இரும்புக் கடைகளில் உதிரிப் பாகங்களைத் தேடி அலைந்ததிலிருந்தே 'கிட் கார்' என்னும் மரபு வளர்ந்தது. அந்த மரபை ஊட்டி வளர்த்தது இயந்திர மோகம் மட்டுமல்ல, வரியும்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா வெற்றி பெற்ற நாடு. ஆனால் கடனில் மூழ்கிய நாடு. ஏற்றுமதிக்கே முன்னுரிமை என்பதால் புதிய கார்கள் கப்பலேறின. அவற்றிற் சில கொழும்பிலும் இறங்கின. யாழ்ப்பாணத்தில் 1980களிலும் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த ஒஸ்டின் ஏ-40 வண்டிகளை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றைச் செய்த நாட்டின் குடிமகனோ தன் முறைக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தான். முறை வந்தாலும் விலையோடு கொள்வனவு வரியும் சேர்ந்துகொண்டது. 1951 இல் கார்களுக்கான அந்த வரி, மொத்த விற்பனை விலையின் மூன்றில் இரண்டு பங்காக இருந்தது.

இந்தச் சூழலில்தான் கொலின் சப்மன் வருகிறார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் பயின்றுகொண்டே பழைய கார்களை வாங்கி விற்று வந்த மாணவர் அவர். 1947 இல் பொதுமக்களுக்கான அடிப்படைப் பெற்றோல் பங்கீட்டை அரசு நிறுத்தியது. பெற்றோல் இல்லாத காரை யார் வாங்குவர்? சந்தை சரிந்தது. விலைபோகாமல் அவர் கையில் எஞ்சியது ஓர் ஒஸ்டின் செவன். 'பேபி ஒஸ்டின்' என்று எம் முன்னோர் அறிந்த சின்னஞ்சிறு கார். தம் காதலியின் பெற்றோர் வீட்டுக் கராஜில் வைத்து அதன் மேலுடலைக் கழற்றி, அலுமினியத் தகடு ஒட்டிய ஒட்டுப்பலகையால் புதிய உடலொன்றைச் செய்தார். 1948 இல் உருவான அந்த வண்டியே முதலாவது லோட்டஸ்.

ஒஸ்டின் செவனை அவர் நாடியது தற்செயலே ஆயினும், அது பொருத்தமான தற்செயல். 1922 முதல் 1939 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் ஒஸ்டின் செவன்கள் செய்யப்பட்டன. ஆகவே உதிரிப் பாகங்கள் எங்கும் கிடைத்தன. தனித்துச் சிறந்த பாகத்தை அல்ல, ஊரெங்கும் கிடைக்கும் பாகத்தையே தேடவேண்டும் என்பது வீட்டில் கார் கட்டுவோரின் எழுதாத விதி. 1939 இல் தொடங்கப்பட்ட '750 மோட்டார் கிளப்' இத்தகையோரை ஒன்று சேர்த்தது. ஒருவர் கொட்டிலில் வீணே கிடக்கும் அச்சு மற்றொருவருக்குத் தேவை என்பதை அறியும் வாய்ப்பும் அங்கே கிட்டியது.

1952 இல் வெளிவந்த லோட்டஸ் மார்க் 6 இந்தத் தேடலை வணிகமாக்கியது. 55 இறாத்தல் மாத்திரமே எடையுள்ள, உருக்குக் குழாய்களாலான சட்டத்தையும் அலுமினிய உடலையும் சப்மன் விற்றார். இயந்திரம், பற்சக்கரப் பெட்டி, அச்சு முதலியவற்றை வாங்குபவரே பழைய போர்ட் காரொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டும். மூன்றாண்டுகளில் நூற்றுச் சொச்சம் வண்டிகளே விற்பனையாகின. 1957 இல் லோட்டஸ் செவன் தோன்றியது. முழுமையாக வாங்கினால், வரியுடன் 1,036 பவுண்; பாகங்களாக வாங்கினால் 536 பவுண். முழுமையடைந்த காருக்கே கொள்வனவு வரி, பாகங்களுக்கு இல்லை. ஒரு மனிதனின் சில வார இறுதிகளுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பவுண் மதிப்பு!

பாகங்களோடு பொருத்தும் முறையை விளக்கும் கையேடு கொடுத்தால் வரிச்சலுகை போய்விடும் என்பதால், காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் பின்பற்றுமாறு சப்மன் விட்டுவிட்டார் என்றொரு கதை உண்டு. பத்திரிகைத் தொழிலில் இத்தனை காலம் இருந்த எனக்கு, இவ்வளவு அழகாக அமைந்த கதைகளைக் கண்டாற் சிறிது ஐயம் எழுவது வழக்கம். ஆனாலும் சட்டத்தின் ஓட்டை மெய்யானது. 1973 ஏப்ரலில் கொள்வனவு வரி நீங்கிப் பெறுமதி சேர் வரி வந்தபோது பாகங்களுக்கும் வரி விழுந்தது. லோட்டஸ் தன் செவனைக் கைவிட, கேட்டரம் நிறுவனம் அதன் உரிமையைப் பெற்றுத் தொடர்ந்தது.

வரி ஆதாயம் மறைந்தபின்னும் ஆசை மறையவில்லை. 1996 இல் ரொன் சாம்பியன் என்பவர் எழுதி ஹெயின்ஸ் பதிப்பகம் வெளியிட்ட நூல், 250 பவுண் செலவிலே விளையாட்டுக் கார் ஒன்றைக் கட்டலாம் என்று தன் தலைப்பிலேயே அறிவித்தது. 'லோகொஸ்ட்' எனப் பெயர்பெற்ற இந்த வண்டிக்கு வேண்டிய பொருள்களைப் பாருங்கள். ஓர் அங்குலச் சதுர உருக்குக் குழாய். அதை ஊரிலுள்ள இரும்புக் கடையில் நீளக் கணக்கில் வாங்கலாம். வெட்டுவதற்கு இரும்பு அரிவாள், தேய்க்கக் கிரைண்டர், துளையிடத் துரப்பணம், அலுமினியத் தகட்டை அறைய ரிவெற் கருவி, ஒட்டுவதற்குச் சிறிய மிக் வெல்டிங் இயந்திரம். மற்றவை பழைய போர்ட் எஸ்கோர்ட் ஒன்றிலிருந்து வரும். முன்சக்கரங்களைத் தாங்கும் பாகம் மாத்திரம் கோர்ட்டினாவினுடையது.

எனக்கு மிகவும் பிடித்த கருவி இவற்றுள் எதுவுமல்ல, ஒரு பலகை. சட்டத்தின் வரைபடத்தை மட்டமான பெரிய பலகையில் கீறி, கோடுகளை ஒட்டி மரத்துண்டுகளை அறைந்து, அவற்றின் நடுவே குழாய்களைப் பொருத்துவர். முதலில் மூலைக்கு மூலை சிறு பொட்டுகளாக மாத்திரம் ஒட்டி, எல்லாம் நேராக இருப்பதை அளந்த பின்னரே முழுமையாக ஒட்டுவர். உருக்கு சூடேறினால் விரியும், ஆறினால் சுருங்கும். அவசரப்பட்டவரின் சட்டம் முறுகிவிடும். தொழிற்சாலை இலட்சக்கணக்கிற் செலவிட்டு அமைக்கும் அச்சுச் சாதனத்தின் வேலையை ஒரு பலகை செய்துவிடுகிறது.

ஆனால் எல்லாவற்றையும் கொட்டிலிற் செய்ய முடியாது. எஸ்கோர்ட்டின் சுழல்தண்டைக் குறுக்கவேண்டும். அது சமநிலை தவறினால் ஆளையே கொல்லும். ஆதலால் அதைத் தொழில் அறிந்தவரிடம் ஒப்படைப்பதே வழக்கம். பிரேக் குழாய்களிலும் சக்கரத்தைத் தாங்கும் இணைப்புகளிலும் சிக்கனம் பார்ப்பவரை நான் மெச்சமாட்டேன்.

அரசும் இதைக் கவனித்தது. 1998 முதல் வீட்டிற் கட்டிய ஒவ்வொரு காரும் பரீட்சைக்கு நிற்கவேண்டியதாயிற்று. 2009 இல் இன்னும் இறுக்கமான பரீட்சை அதன் இடத்துக்கு வந்தது. தெருவிற் செல்வோரைக் கீறக்கூடிய கூரான விளிம்பு இருந்தாலும் தோல்விதான். இதனால் இறப்பர் ஓரப்பட்டியும் தேடலுக்குரிய பொருளாயிற்று. பற்றுச்சீட்டுகளும் கட்டுமானப் புகைப்படங்களும் கருவிகளைப் போலவே முக்கியமாயின. பழைய பாகங்களின் பிறப்பை நிறுவ முடியாதவருக்கு 'க்யூ' எழுத்தில் தொடங்கும் இலக்கத்தகடே கிடைத்தது.

எஸ்கோர்ட்டுக்கு நேர்ந்ததுதான் விசித்திரம். வீசியெறியும் கார் என்று கருதி வெட்டியெடுத்தார்கள், பந்தயங்களில் மோதி உடைத்தார்கள், எஞ்சியவை துருப்பிடித்தன. அருகியபின் சேகரிப்பாளர் வந்தனர். விலை பல ஆயிரம் பவுண்களுக்கு ஏறியது. 250 பவுண் கணக்கு அத்தோடு உடைந்தது. 2007 இல் அதே பதிப்பகம் வெளியிட்ட கிறிஸ் கிப்ஸின் நூல், எஸ்கோர்ட்டை விட்டு போர்ட் சியேராவை நாடியது. சியேராவும் அருகிவர, கார் கட்டுவோர் துருவேறிய மாஸ்டா எம்.எக்ஸ்-5 வண்டிகளைத் தேடத் தொடங்கினர்.