கடிகைமுத்துப் புலவரின் மாணவர்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

சமய நல்லுரையாடல் என்பது மாநாட்டு மேடைகளில் பிறந்த புதுமை எனச் சிலர் எண்ணுகின்றனர். நம் நெல்லைச் சீமையில் அது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆசிரியர், மாணவர் உறவாக நிலவியது.

சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் 17ஆம் நூற்றாண்டினர். பழைய நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில் வளர்ந்தவர். அவருக்குத் தமிழ் கற்பித்தவர் அவ்வூர் அரசவைப் புலவரான கடிகைமுத்துப் புலவர், இந்து சமயத்தவர். ஆசிரியர் மாணவரின் மார்க்கத்தை வினவிக் கதவடைக்கவில்லை. மாணவரும் தம் ஈமானை விட்டுக் கொடுக்கவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாட விழைந்த உமறு, காயல்பட்டினம் தந்த பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடினார். தமிழ்ப் புலவர் கோலத்தில் வந்தவரைக் கண்டு அப்பா அவர்கள் முதலில் தயங்கி, பின்னர் உதவினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. காப்பியத்தை ஆதரித்தவர் வள்ளல் சீதக்காதி. பஞ்ச காலத்தில் அன்னமிட்ட அவ்வள்ளலைப் பாடிப் போற்றிய படிக்காசுப் புலவரும் இந்துவே. சீதக்காதியின் மறைவுக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயர் துணை நின்றார்.

இவ்வாறு பல கைகள் கூடி உருவான 5027 பாடல்களில் நெஞ்சைத் தொடுவது மானுக்குப் பிணை நின்ற படலம். வேடனிடம் சிக்கிய மான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பும் வரை நபிகளார் தாமே பிணையாகின்றார்கள். அரபு மண்ணின் கருணை, கடிகைமுத்துப் புலவர் கற்பித்த தமிழில் நம்மை வந்தடைந்தது.

அக்கருணை ஏட்டோடு நின்றுவிடவில்லை. 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் தாமிரபரணிக் கரை தத்தளித்தபோது, செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசல் இந்துக் குடும்பங்களுக்குப் புகலிடமாயிற்று. ஆபத்து நேரத்தில் அண்டை வீட்டார் தயங்காமல் நம் வாசலுக்கு வர வேண்டுமெனில், ஆபத்தில்லாத நாட்களில் பேச்சுவார்த்தை இருந்திருக்க வேண்டும். பேச்சு நின்ற இடத்தில் வதந்தி குடியேறும். நம் இளைஞர்கள் அண்டை வீட்டாரைக் கைப்பேசிச் செய்திகள் வழியே மட்டும் அறிவது நமக்குக் கவலையளிக்கின்றது.

கொள்கையில் கலப்பு வேண்டுவதில்லை. பழக்கத்தில் விலக்கும் வேண்டுவதில்லை. மனிதர் பல சமூகங்களாக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்பது ஹுஜுராத் அத்தியாயம் தரும் பாடம். எனவே நம் மதரஸாப் பிள்ளைகளுக்கு அப்படலத்தைக் கற்பிப்போம். கற்பிக்க, எச்சமயத்தவராயினும் நம் ஊர்த் தமிழாசிரியரை அழைப்போம். உமறுவுக்குக் கிடைத்த வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும்.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களில் இரக்கத்தை நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.