துத்தநாக இன்சுலின் படிக ஆய்வு

துத்தநாக இன்சுலின் படிக ஆய்வு என்பது பிரித்தானிய வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் (1910–1994) 24 வயதில் தொடங்கிய ஆராய்ச்சி. முடிவு கிடைக்க 1969 ஆயிற்று. இடையே 1964இல் அவர் வேதியியல் நோபல் பரிசு பெற்றது பெனிசிலின், வைட்டமின் பி12 முதலியவற்றின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக. இன்சுலின் அப்போதும் பிடிகொடுக்கவில்லை.

இன்சுலினை ஜான் ஜேக்கப் ஏபல் 1926இலேயே படிகமாக்கியிருந்தார். துத்தநாகம் சேர்த்தால் படிகம் எளிதில் உருவாகும் என்பதை டொராண்டோவைச் சேர்ந்த டேவிட் ஸ்காட் 1934இல் காட்டினார். கேம்பிரிட்ஜில் ஜே. டி. பெர்னாலிடம் பயின்று, டோரதி அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு திரும்பினார். ராபர்ட் ராபின்சன் அவருக்குத் தந்தது சுமார் 10 மில்லிகிராம் இன்சுலின் படிகங்கள். படமெடுக்க முடியாத அளவு நுண்ணிய அந்தப் படிகங்களைக் கரைத்து, ஸ்காட்டின் முறைப்படி பெரிதாக வளர்த்தார். எக்ஸ் கதிர்ப் படம் பதிந்தது. 1935இல் ‘நேச்சர்’ இதழில் அவர் பெயரில் மட்டும் கட்டுரை வந்தது.

ஆனால் படத்திலிருந்து அணுக்களின் இடத்தைக் கணிக்க அன்று வழியில்லை. சிதறும் கதிர்களின் வலிமை தெரியும், அலைக்கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) தெரியாது. 1950களில் மாக்ஸ் பெருட்ஸ் ஹீமோகுளோபினில் கன உலோக அணுக்களைப் பொருத்தி இந்த முடிச்சை அவிழ்த்தார். இன்சுலினிலும் துத்தநாகத்தை நீக்கிவிட்டு ஈயம் முதலியவற்றைப் புகுத்தியே வழி கண்டார்கள். டோரதியின் குழுவில் இருந்த எம். விஜயன், பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிகவியலை வளர்த்தவர்.

படிகமாக்க உதவும் வெறும் உப்பாகத் தோன்றிய துத்தநாகம்தான் கட்டமைப்பின் அச்சு என்பதே இந்த ஆய்வின் சுவையான முடிவு. ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் மூன்று இணைகளாக இரண்டு துத்தநாக அயனிகளைச் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வோர் அயனியையும் மூன்று ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் பற்றியிருக்கின்றன. இன்சுலினின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 35,000 என்று 1930களில் கருதப்பட்டதன் காரணமும் இதுவே: அளந்தது ஆறின் கூட்டத்தை, தனி மூலக்கூறின் எடை சுமார் 5,800.

கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைத் துத்தநாகத்தோடு இப்படி ஆறு ஆறாகச் சேர்த்தே சேமிக்கின்றன. இரத்தத்தில் கலந்ததும் கூட்டம் பிரிகிறது. வேலை செய்வது தனி மூலக்கூறு. ஊசியாகப் போடும் இன்சுலின் வேலை தொடங்கத் தாமதமாவதும் இந்தப் பிரிதலால்தான். 1996இல் சந்தைக்கு வந்த லிஸ்ப்ரோ இன்சுலினில், மூலக்கூறின் இரு சங்கிலிகளில் ஒன்றான பி சங்கிலியின் 28, 29ஆம் அமினோ அமிலங்களை இடம் மாற்றி, கூட்டம் விரைவில் கலையும்படி செய்திருக்கிறார்கள்.