ஆர்தர் ஆஷ்: ஆட்டத்திடலில் பயின்ற அடக்கம்



ஒரு நாள் வகுப்பில் அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷின் இளமைக் காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலத்துக்குள் விழும் பந்தை உள்ளே விழுந்ததாகவே கருதி ஆட வேண்டும் என்று அவருடைய ஆசான் கட்டளையிட்டிருந்தார் என்றேன். உடனே ஒரு மாணவன் எழுந்து, "அப்படி விட்டுக்கொடுத்தால் நாம் ஏமாளி ஆகிவிட மாட்டோமா, ஐயா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆஷின் வாழ்க்கை வரலாற்றிலேயே அதற்கு விடை இருக்கிறது.

ஆஷ் 1943ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை, கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட பூங்கா ஒன்றின் பராமரிப்பாளர். அந்தப் பூங்காவுக்குள்ளேயே குடும்பத்துக்கு வீடு கிடைத்தது. வேலையோடு சேர்ந்து வரும் வீடு எப்படிப்பட்டது என்பதைத் தோட்டத்து மக்களாகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலருகே டென்னிஸ் திடல்கள் இருந்தன. ஆறு வயதில் தாயை இழந்த சிறுவனுக்கு அந்தத் திடலே துணையாயிற்று.

அக்காலத்தில் அம்மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையரோடு சேர்ந்து படிக்கவோ விளையாடவோ முடியாது. லிஞ்ச்பர்க் நகரில் ராபர்ட் வால்டர் ஜான்சன் என்ற கறுப்பின மருத்துவர், தம் வீட்டுத் திடலில் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து வந்தார். 1957இல் விம்பிள்டனில் வென்ற ஆல்தியா கிப்சனும் அவரிடம் பயின்றவரே. தீர்ப்பை எதிர்த்து வாதாடாதே, மட்டையை வீசி எறியாதே, ஐயத்துக்குரிய பந்தை எதிராளிக்கே விட்டுவிடு என்பவை அவர் விதித்த ஒழுங்குகள். இளையோர் ஆட்டங்களில் பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதை ஆடுபவர்களே சொல்வார்கள். கறுப்பினச் சிறுவன் ஒருவன் வாய்த்தகராறு செய்தால், அதையே காரணமாகக் காட்டி அவனை வெளியேற்றிவிடுவார்கள் என்று ஜான்சன் அஞ்சினார். ஆகவே அந்தப் பணிவு கோழைத்தனம் அன்று. கதவு மூடப்படாமல் காக்கும் உபாயம்.

அந்த அடக்கம் பின்னர் ஆட்டத்திறனாகவே மாறியது. 1968இல் அமெரிக்கப் பொதுப் போட்டியில் ஆஷ் வாகை சூடினார். ஆனால் அவர் அமெச்சூர் வீரராக இருந்ததால் 14,000 டாலர் பரிசுத்தொகை, தோற்ற டாம் ஓக்கருக்கே போயிற்று. ஆஷுக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 20 டாலர் செலவுப்படி மட்டுமே.

1975 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் முந்தைய ஆண்டின் வெற்றியாளர் ஜிம்மி கானர்ஸை அவர் எதிர்கொண்டார். கானர்ஸுக்கு வயது 22. ஆஷுக்கு 32 நிறைய ஐந்தே நாள் இருந்தது. அதற்கு முன் அவரிடம் ஆஷ் ஒருமுறைகூட வென்றதில்லை. வேகமாக வரும் பந்தை இன்னும் வேகமாகத் திருப்புவதே கானர்ஸின் பலம். இதை உணர்ந்த ஆஷ், தமக்குப் பழகிய அதிரடி ஆட்டத்தைக் கைவிட்டார். பந்தை மெதுவாகவும் தாழ்வாகவும் அனுப்பினார். இடைவேளைகளில் கண்களை மூடி அமைதியாக அமர்ந்தார். மூன்றாம் சுற்றை இழந்தபோதும் திட்டத்திலிருந்து விலகவில்லை. 6–1, 6–1, 5–7, 6–4 என்று வென்று, விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின ஆடவரானார். தம்மிடம் இருந்த பழக்கத்தை வென்ற பிறகே அவர் எதிராளியை வென்றார்.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். ஆஷ் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாரா? இல்லை. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா 1969இல் அவருக்கு விசா மறுத்தது. அவர் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்து 1973இல் அங்கே சென்று ஆடினார். அங்கு சென்றது தவறு என்று கறுப்பினத்தவரிலேயே சிலர் அவரைக் குறை கூறினர். அதையும் பொறுமையோடு கேட்டார். 1985இல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் மறியல் செய்து கைதானார்.

1983இல் இதய அறுவை சிகிச்சையின்போது ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. கிருமி அவர் உடலில் புகுந்தது. 1992இல் அச்செய்தி வெளியானது. அந்நோயைப் பற்றிப் பலரும் பேசக் கூசிய காலம் அது. அவரோ ஊர் ஊராகச் சென்று பேசினார். அதே ஆண்டு, ஹெய்ட்டி அகதிகளுக்கு ஆதரவாக வெள்ளை மாளிகையின் முன் நின்று மறுபடியும் கைதானார். 1993 பிப்ரவரி 6ஆம் நாள், 49ஆம் வயதில் மறைந்தார்.

அந்த மாணவனிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, ஆஷ் விட்டுக்கொடுத்தது பந்தை. நியாயத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எது பந்து, எது நியாயம் என்று பிரித்தறியக் கற்றுக்கொள். அதற்குத்தான் பள்ளியில் பாடமும் இருக்கிறது, விளையாட்டும் இருக்கிறது."

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் மாலையில் திடலிலிருந்து திரும்பும்போது, "வென்றாயா?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "எப்படி ஆடினாய்?" என்றும் கேளுங்கள்.